இறுகிப்போன பின்சக்கர ஆக்சிலைச் சேதமின்றி எடுப்பது எப்படி?

கேள்வி: பின்டயரை மாற்றுவதற்காக என் மோட்டார் சைக்கிளின் ஆக்சில் (சக்கரத்தின் நடுவே செல்லும் அச்சுத்தண்டு) நட்டைக் கழற்றினேன். நட்டு எளிதாக வந்துவிட்டது, ஆக்சில் அசையவில்லை. சுத்தியலால் அடித்ததில் அதன் மரை (நட்டு ஏறும் திருகுப்புரி) முனை சற்று நசுங்கிவிட்டது. பல ஆண்டுகளாக அந்தச் சக்கரம் கழற்றப்படவில்லை. இதை எப்படி எடுப்பது? மறுபடி இப்படி ஆகாமல் என்ன செய்ய வேண்டும்?

பதில்: மேலும் அடிக்காதீர்கள். ஆக்சில் எந்த இடத்தில் பிடித்திருக்கிறது என்று தெரியாமல் அடிக்கும் ஒவ்வொரு அடியும் மரையையும் பேரிங்கையும் கெடுக்குமே தவிர, ஆக்சிலை நகர்த்தாது.

ஆக்சில் ஸ்விங் ஆர்மின் (பின்சக்கரத்தை இருபுறமும் தாங்கும் சட்டம்) இரு துளைகள், காலிபர் (பிரேக் பேடுகளை டிஸ்க்கின் மீது அழுத்தும் பாகம்) தாங்கி அல்லது டிரம் பிரேக் தட்டு, இரு பக்கத்து ஸ்பேசர்கள் (இடைவெளி காக்கும் சிறு குழாய்கள்), பேரிங்குகளின் உள்வளையங்கள், அவற்றுக்கு இடையே ஹப்புக்குள் (சக்கரத்தின் மையப் பகுதி) இருக்கும் நீளமான குழாய் ஆகிய அனைத்தின் வழியாகவும் செல்கிறது. இவற்றில் எங்கு வேண்டுமானாலும் அது பிடித்துக்கொள்ளலாம். இரும்பு துருவாகும்போது அதன் கன அளவு பல மடங்கு கூடுவதால், மயிரிழை அகல இடைவெளிக்குள் புகுந்த ஈரம்கூட ஆக்சிலை இறுக்கிவிடும். ஸ்விங் ஆர்ம் அலுமினியமாக இருந்தால், எஃகோடு ஒட்டியிருக்கும் இடத்தில் ஈரமும் உப்பும் சேர்ந்து அலுமினியத்தை அரித்து, வெண்ணிறத் தூளாகப் படிந்து அடைத்துக்கொள்ளும்.

வண்டியை உறுதியான ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்துங்கள். ஆக்சிலின் தலையில் ஸ்பானரைப் பொருத்தித் திருப்பிப் பாருங்கள். திரும்புகிறது, ஆனால் வெளியே வரவில்லை என்றால் ஸ்விங் ஆர்ம் பக்கம் சிக்கல் இல்லை. உள்வளையங்களும் நடுக்குழாயும் ஆக்சிலோடு ஒட்டிக்கொண்டு அதனோடு சேர்ந்தே சுழல்கின்றன. சிறிதும் திரும்பவில்லை என்றால் ஸ்விங் ஆர்ம் துளையிலோ பிரேக் தாங்கியிலோ பிடித்திருக்கிறது. சில வண்டிகளில் ஆக்சிலின் தலை செயின் அட்ஜஸ்டரின் (செயின் தளர்வைச் சரிசெய்யும் பாகம்) பள்ளத்தில் திரும்பாதபடி உட்கார்ந்திருக்கும். அவற்றில் தலை பள்ளத்தை விட்டு வெளியே வந்த பிறகுதான் இந்தச் சோதனை பயன்படும்.

அடுத்ததாக, துருவை இளக்கும் எண்ணெயை இரு முனைகளிலும், ஸ்பேசரும் ஸ்விங் ஆர்மும் சந்திக்கும் இடுக்குகளிலும் விட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். பிரேக் டிஸ்க்கிலும் பேடிலும் ஒரு துளிகூடப் படாதபடி துணியால் மூடிவிடுவது கட்டாயம். மறுநாள் மீண்டும் எண்ணெய் விட்டு, ஸ்பானரால் முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாகத் திருப்புங்கள். இந்தத் திருப்பல்தான் துருவை நொறுக்கி எண்ணெயை உள்ளே இழுத்துச் செல்கிறது. நேராக அடிப்பதைவிட இதற்கு அதிக நேரம் ஒதுக்குவதே என் பரிந்துரை. கெட்டியாக நின்ற ஆக்சில் சற்றே திரும்பத் தொடங்கினாலே பாதி வேலை முடிந்ததாகக் கொள்ளலாம்.

அலுமினிய ஸ்விங் ஆர்மில் பிடித்திருந்தால் வெப்பம் நன்கு உதவும். ஒரே அளவு சூட்டுக்கு எஃகைப் போல ஏறத்தாழ இரு மடங்கு அலுமினியம் விரிவதால் துளை சற்று அகலமாகும். வெளியில் வழிந்த எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, ஹீட் கன்னால் (சூடான காற்றை வீசும் கருவி) துளையைச் சுற்றி மட்டும், தண்ணீர்த் துளி பட்டால் சீறும் அளவுக்குச் சூடாக்கினால் போதும். தீச்சுடர் வேண்டாம், டயர், பிரேக் குழாய், பேரிங் சீல், எண்ணெய் எல்லாம் அருகிலேயே இருக்கின்றன. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் பட்ட இடத்தைச் சூடாக்கவே கூடாது. அதிலிருந்து நச்சு வாயு எழக்கூடும்.

இனி உங்கள் நசுங்கிய மரை முனை. அதை அப்படியே விட்டு ஆக்சிலைத் தட்டினால், விரிந்த விளிம்பு ஸ்விங் ஆர்ம் துளையிலும், பிறகு பேரிங்கின் உள்வளையத்திலும் ஆப்பாகச் சிக்கும். எனவே நட்டு கையாலேயே ஏறும் வரை அந்த விளிம்பை அரத்தால் ராவிச் சரிசெய்யுங்கள். பிறகு ஒரு பழைய நட்டை, மரை முனையைவிட மிகச் சிறிதளவு வெளியே நிற்கும்படி ஏற்றி, அதன் மேல் பித்தளை அல்லது அலுமினியத் தண்டை வைத்து, ஒரு கிலோவுக்குக் குறையாத சுத்தியலால் நிதானமாக ஓர் அடி கொடுங்கள். சிறு சுத்தியலால் படபடவென்று அடிப்பது முனையைத்தான் விரிக்கும். கனமான ஒற்றை அடியின் விசைதான் உள்ளே போய்ச் சேரும். ஆக்சில் வெளிவரும் பக்கத்தில் தலை தாராளமாக நுழையும் குழாயை ஸ்விங் ஆர்முக்கு முட்டுக் கொடுத்து, ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும். நட்டு ஸ்விங் ஆர்மைத் தொட்டதும் அதைக் கழற்றிவிட்டு, ஆக்சிலைவிடச் சற்றுச் சன்னமான தண்டால் தொடருங்கள்.

இவ்வளவுக்கும் அசையவில்லை என்றால், ஸ்விங் ஆர்முக்கும் ஸ்பேசருக்கும் இடையே இருபுறமும் ஹாக்ஸா பிளேடால் ஆக்சிலை அறுத்துச் சக்கரத்தை எடுத்துவிடலாம். ஆக்சிலும் பேரிங்கும் எளிதில் மாற்றக்கூடியவை. வளைந்த ஸ்விங் ஆர்ம் அப்படியல்ல. அடித்து எடுத்திருந்தாலும் பேரிங்குகளை மாற்றிவிடுவதே நல்லது. உள்வளையம் வாங்கிய அடி குண்டுகளின் பாதையில் பள்ளம் பதித்திருக்கும்.

வெளிவந்த ஆக்சிலைச் சமமான கண்ணாடிப் பரப்பில் உருட்டிப் பாருங்கள். பல வண்டிகளின் கையேடுகள் 0.2 மி.மீ. வரையிலான வளைவையே அனுமதிக்கின்றன. மேற்பரப்பில் குழி விழுந்திருந்தால் புதியது போடுங்கள். வெறும் துரு என்றால் மெல்லிய எமரி தாளால் தேய்த்தால் போதும். ஸ்பேசர், நடுக்குழாய், ஸ்விங் ஆர்ம் துளை ஆகியவற்றின் உட்புறத்தையும் சுத்தம் செய்ய மறக்காதீர்கள், ஏனெனில் அங்கே மிஞ்சும் துருவே அடுத்த பிடிப்புக்கு வித்தாகும்.

பொருத்தும்போது நீர் புகாத கிரீஸை ஆக்சிலின் தண்டுப் பகுதி முழுவதும் மெல்லிய படலமாகப் பூசுங்கள். மரையில் மட்டும், கையேடு சொன்னாலன்றிப் பூச வேண்டாம். உலர்ந்த மரைக்குக் குறித்த டார்க் (முறுக்கு விசை) அளவில் கிரீஸ் பூசிய நட்டை முறுக்கினால் மிகையாக இறுகும். காட்டர் பின்னையும் (நட்டு கழலாமல் தடுக்கும் வளைகம்பி), தானாகப் பூட்டிக்கொள்ளும் வகை நட்டையும் புதிதாகவே போடுங்கள். செயின் தளர்வையும் சக்கரத்தின் நேர்கோட்டையும் சரிபார்த்து டார்க் ரெஞ்சால் முறுக்கிய பின், பிரேக்கைப் பலமுறை அழுத்தி அது பிடிப்பதை உறுதிசெய்துகொண்டு வண்டியை எடுங்கள்.

டயர் தேயும் வரை காத்திராமல், ஆண்டுக்கு ஒருமுறையாவது இரு ஆக்சில்களையும் உருவித் துடைத்துக் கிரீஸ் பூசுங்கள். கடற்காற்றிலோ உப்புத் தூவிய சாலையிலோ ஓடும் வண்டிக்கு இரண்டு முறை வேண்டும். முன் ஆக்சிலை உருவும்போது ஃபோர்க்கின் அடியிலுள்ள பிடிப்பு போல்ட்டுகளை முதலில் தளர்த்துங்கள், ஏனெனில் ‘பிடித்துக்கொண்டது’ என்று பலர் போராடும் முன் ஆக்சில் உண்மையில் அந்த போல்ட்டால் நிற்பதுண்டு. வண்டியைக் கழுவும்போது அழுத்த நீரை ஆக்சிலின் முனைகளுக்கு நேராகப் பீய்ச்சாதீர்கள்.