ஓடையில் இறங்க மறுக்கும் குதிரை

சகோதரரே, ஓடையைக் கண்டாலே உங்கள் குதிரை நின்றுவிடுகிறது, இழுத்தால் பின்வாங்குகிறது, பொறுமைக்காக ஜெபித்தும் கோபம்தான் வருகிறது என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில் கடிவாள வாரைத் தளர்த்துங்கள். குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் மூக்குக்கு நேர் கீழே இருப்பது தெரியாது. தலையைத் தாழ்த்தினால்தான் தண்ணீரைச் சரியாகப் பார்க்க முடியும். நாமோ பதற்றத்தில் வாரை இறுக்கித் தலையைத் தூக்கி வைத்துவிடுகிறோம், அப்புறம் அது எப்படி இறங்கும்? கரையில் நிற்க விடுங்கள். காதுகள் ஓடைப் பக்கம் திரும்பும். புஸ்ஸென்று மூச்சை விட்டு மோந்து பார்க்கும். ஒரு குளம்பு முன்னால் வந்தாலும் உடனே காலாலோ வாராலோ கொடுக்கும் அழுத்தத்தை விட்டுவிடுங்கள். குதிரை கற்பது அழுத்தம் விலகும் அந்த நொடியில்தான். பழகிய குதிரை ஒன்று முன்னால் இறங்கினால் பாதி வேலை முடிந்தது.

கோபத்துக்கு, வேதாகமத்தில் 32ஆம் சங்கீதத்தின் 8, 9 வசனங்களைச் சேர்த்தே வாசியுங்கள். 9இல் வாரும் கடிவாளமும் போட்டு அடக்க வேண்டிய குதிரை வருகிறது. முந்திய வசனத்திலோ தேவன் நம்மேல் கண்ணை வைத்தே வழிகாட்டுவதாகச் சொல்கிறார். (பிரசங்கத்தில் 9ஐ மட்டும் பிடித்துக்கொண்டு நம்மைத் திட்டுவார்கள், அது வேறு கதை.) கோபம் ஏறினால் குதிரையிலிருந்து இறங்கிவிடுங்கள். குதிரை கரையில் அமைதியாக நிற்கும் நேரமாகப் பார்த்து முடித்துக்கொண்டு, மறுநாள் தொடருங்கள்.