பருத்திப்பாலும் பெப்சி பாசியும்

அன்புள்ள ஐயாவுக்கு,

மரபணு மாற்றிய தக்காளியில் மீனின் மரபணு இருக்கிறது, சாப்பிட்டால் பிள்ளை பிறக்காது என்று என் மச்சான் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கல்லூரியில் படிக்கும் மகளோ, எதிர்க்கிறவர்கள் எல்லாம் விஞ்ஞானம் தெரியாதவர்கள் என்கிறாள். ஒரு வாரமாக வீட்டில் இதே சண்டை. நான் யார் பக்கம் பேசுவது?

ஆர்., தொண்டி

அன்புள்ள ஆர்.,

மீன் கதை முழுப்பொய் இல்லை. குளிர்கடல் மீன் ஒன்றின் மரபணுவைத் தக்காளிக்குள் வைத்து அமெரிக்காவில் 1991 வாக்கில் சோதித்தார்கள். அது கடைக்கு வரவேயில்லை. நீங்கள் வாங்கும் தக்காளியில் பாறை மீனும் இல்லை, நகரை மீனும் இல்லை. பிள்ளை பிறக்காது என்பது வெறும் புரளி.

அப்புறம், மச்சான் பருத்திப்பால் குடிப்பாரா? இந்தியாவில் 2002இல் பிடி பருத்திக்கு, அதாவது காய்ப்புழுவைக் கொல்லும் புரதத்தைச் செடியே உண்டாக்கும்படி மரபணு மாற்றிய பருத்திக்கு, அனுமதி கிடைத்தது. இன்று பருத்தி நிலத்தில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் அதுதான். அந்தக் கொட்டையைத்தான் ஊறவைத்து ஆட்டிப் பிழிந்து, கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சுகிறோம். நானும் குடிக்கிறேன். காய்ப்புழுவைக் கொல்லும் அந்தப் புரதத்துக்குப் புழுவின் காரமான குடலும், அங்கே ஒட்டிக்கொள்ள ஓர் இடமும் வேண்டும். நம் வயிற்றில் இருப்பது அமிலம். அந்த இடமும் நமக்குக் கிடையாது.

சரி, அப்படியானால் மகள் ஜெயித்துவிட்டாளா? இல்லை. இளஞ்சிவப்புக் காய்ப்புழு பிடி பருத்தியைத் தின்னப் பழகிவிட்டது. மருந்துச் செலவு மறுபடி தலைமேல் ஏறியது. விதையையும் வருஷா வருஷம் கடையில் வாங்க வேண்டும். இது மரபணு செய்த வேலை அல்ல, இங்கே அதை வீரிய ஒட்டுரகமாக விற்றதால் வந்தது; ஒட்டுரகத்தில் விதை எடுத்து மறுபடி விதைத்தால் அதே விளைச்சல் வராது. கமுதிப் பக்கம் வானம் பார்த்த கரிசலில் மழை ஏமாற்றினால் விதைக்காசு போனது போனதுதான். இதைக் கேட்கிறவருக்கு விஞ்ஞானம் தெரியாது என்று சொன்னால் எப்படி?

நம் கடலிலேயே ஒரு பாடம் மிதக்கிறது. மண்டபம் பக்கம் மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்கிறார்களே, பெப்சி பாசி. பிலிப்பைன்ஸ் பக்கத்துச் சரக்கு. 2000-களின் தொடக்கத்தில் பெப்சி நிறுவனம் இங்கே வளர்க்கவைத்ததால் அந்தப் பெயர். அதன் மரபணுவை யாரும் தொடவில்லை. நம் பெண்கள் கையில் அது நாலு காசு பார்க்கவைத்தது, உண்மைதான். ஆனால் 2008இல் குருசடைத் தீவின் பவளப்பாறைகள்மேல் அது போர்வை மாதிரிப் படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். 'மரபணு மாற்றியதா?' என்று மட்டும் கேட்டிருந்தால் அந்தப் பாசிக்கு நூற்றுக்கு நூறு மதிப்பெண் போட்டிருப்போம். எங்கே பரவும், பரவினால் யார் அள்ளுவது என்பதல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டியது?

உங்களூருக்குப் பக்கத்தில் காரங்காட்டில் உப்புத்தண்ணீரிலேயே நிற்கிறதே அலையாத்தி மரம், அதன் மரபணுவை நெல்லில் சேர்த்து உப்பைத் தாங்குமா என்று சென்னையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஆய்வு செய்தது. உப்புத்தண்ணீர் ஏறிய வயல் உள்ளவருக்கு அது சின்ன விஷயமல்ல. அப்படி ஒரு நெல் நாளை நம் கண்மாய்க்கரைக்கு வந்தால் நான் இரண்டு கேட்பேன்: அறுத்ததில் விதைக்கு எடுத்து வைக்கலாமா? பக்கத்து வயல் நாட்டு நெல்லோடு கலக்குமா? மகளிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்; என்ன சொன்னாள் என்று எழுதுங்கள்.