முதலில் கேஸ் ஷீட், அப்புறம் சண்டை

மருத்துவமனைப் பதிவேட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். சிகிச்சையில் தவறு நடந்திருக்குமோ என்ற சந்தேகத்தோடு வந்த கடிதங்கள் இந்த இதழில். எழுதியவர்களின் பெயர், ஊர், மருத்துவமனை விவரங்களை வெளியிடவில்லை.

கேள்வி: அம்மாவுக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி செய்தார்கள். மறுநாளிலிருந்தே வயிற்று வலி, வீக்கம். "கேஸ்தான், கொஞ்சம் நடக்கச் சொல்லுங்க" என்றார்கள். நான்காம் நாள் இரவு ஐசியூவுக்கு மாற்றினார்கள். ஆறாம் நாள் போய்விட்டார். கையில் இருப்பது இரண்டு பக்க டெத் சம்மரியும் பில்லும்தான். சிகிச்சை விவரம் முழுக்க எழுதிய பதிவேடான கேஸ் ஷீட்டைக் கேட்டால், "அது ஆஸ்பத்திரி சொத்து, கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க" என்கிறார்கள்.

பதில்: ஒரிஜினல் அவர்களுடையதுதான். அதில் தகராறு இல்லை. நகல் உங்களுக்குச் சேர வேண்டியது, அதற்குக் கோர்ட் ஆர்டர் தேவையில்லை. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. நோயாளியோ அவர் சார்பில் உரிமை பெற்றவரோ கேட்டால், கேட்டதற்கு ஒப்புகை தந்து, 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். உள்நோயாளியின் பதிவேட்டைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

கவுன்ட்டரில் நின்று வாதாடாதீர்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் பையனுக்கு இந்த விதி தெரிந்திருக்காது. தெரிந்தவர் மாடியில் இருப்பார். மருத்துவக் கண்காணிப்பாளர் பெயருக்கு ஒரு கடிதம் எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு சீலும் கையெழுத்தும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான ஆதாரத்தை எடுத்து வையுங்கள். இறப்புச் சான்றிதழ் நகலும், நீங்கள் மகன் அல்லது மகள் என்பதற்கான அத்தாட்சியும் இணைத்துவிடுங்கள்.

"எல்லா ரெக்கார்டும் வேண்டும்" என்று மொட்டையாக எழுதினால் சம்மரியையே இன்னொரு தரம் ஜெராக்ஸ் போட்டுக் கொடுப்பார்கள். பெயர் சொல்லிக் கேளுங்கள்: அட்மிஷன் தாள், ஒப்புதல் படிவங்கள், ஆபரேஷன் குறிப்பு, அனஸ்தீசியா சார்ட், தினசரி டாக்டர் குறிப்பு, நர்ஸ் நோட்ஸ், காய்ச்சல்-பல்ஸ்-பிபி சார்ட், மருந்து சார்ட், உள்ளே போன தண்ணீர், வெளியே வந்த சிறுநீர் கணக்கு, ரத்தப் பரிசோதனை முடிவுகள் நேரத்தோடு, ஸ்கேன் படங்கள் சிடியில். பக்கங்களுக்கு எண் போட்டு, மொத்தம் எத்தனை பக்கம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பிற்பாடு புதிதாக ஒரு தாள் முளைத்தால் அந்த எண்ணிக்கை காட்டிக்கொடுத்துவிடும்.

72 மணி நேரம் தாண்டியும் வரவில்லையா? விதியைக் குறிப்பிட்டு ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். ஆவணம் தராமல் இழுத்தடித்ததையே சேவைக் குறைபாடாக நுகர்வோர் ஆணையங்கள் எடுத்துக்கொண்டிருக்கின்றன. ஆகவே அவர்கள் மௌனமும் உங்கள் கோப்பில் ஒரு பக்கம்தான்.

கேள்வி: கேஸ் ஷீட் வாங்கிவிட்டோம். நூற்றுக்கும் மேல் பக்கம். கையெழுத்தும் புரியவில்லை, விஷயமும் புரியவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: டாக்டர் எழுதியதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். ரவுண்ட்ஸ் வருகிறவர் "ஸ்டேபிள், கன்டின்யூ" என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். நைட் டியூட்டி சிஸ்டர் அப்படி எழுத முடியாது. காலையில் அடுத்தவரிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டுமே. அதனால் அவர் மணி போட்டு எழுதுவார். உதாரணத்துக்கு இப்படி: "11.40, வலி அதிகம் என்கிறார், வயிறு இறுக்கமாக உள்ளது, பல்ஸ் 124, டியூட்டி டாக்டருக்குப் போனில் தெரிவிக்கப்பட்டது." அதற்கு அடுத்த டாக்டர் குறிப்பு காலை 7.15 மணிக்கு என்றால், நடுவில் இருக்கும் ஏழரை மணி நேரத்தைப் பற்றித்தான் நீங்கள் கேள்வி கேட்க வேண்டும்.

அப்புறம் பல்ஸ் சார்ட்டையும் சிறுநீர் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பல்ஸ் ஏறிக்கொண்டே போக, சிறுநீர் குறைந்துகொண்டே வந்தால், உடம்பு எதையோ சொல்லிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். அது எதைச் சொன்னது என்பதை டாக்டர்தான் விளக்க வேண்டும். எந்த மணியிலிருந்து சொல்ல ஆரம்பித்தது என்பதை எண்களை வைத்து நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

மருந்துக் கடை பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் நேரம் அச்சாகியிருக்கும். சார்ட்டில் மாலை 6 மணிக்கு ஊசி போட்டதாக டிக் அடித்திருக்கிறது, அந்த மருந்தை நீங்கள் கீழே போய் வாங்கியதோ இரவு 9.20-க்கு. இப்படிப்பட்ட முரண்பாட்டுக்கு எந்த வக்கீல் வாதமும் ஈடாகாது. வீட்டார் அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்ட "அம்மாவுக்கு இன்னும் வலிக்குது" மாதிரியான செய்திகளையும் போன் அழைப்புப் பட்டியலையும் அழிக்காமல் வையுங்கள்.

இன்னொன்று. மூன்று ஷிப்ட்டில் மூன்று பேர் எழுத வேண்டிய பக்கம் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரே சாய்வில் இருந்தால் சந்தேகப்படுங்கள். ஒரே உட்காரலில் எழுதப்பட்ட பக்கத்தின் அழகே தனி. கம்ப்யூட்டரில் பதிவு செய்கிற மருத்துவமனையாக இருந்தால், யார் எப்போது பதிந்தார், எப்போது திருத்தினார் என்ற விவரத்தையும் எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: "இது தெரிந்த காம்ப்ளிகேஷன், யாருக்கு வேண்டுமானாலும் வரலாம்" என்று சர்ஜன் சொல்லிவிட்டார். அப்படியானால் தவறே இல்லையா?

பதில்: அவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பித்தப்பை ஆபரேஷனில் பித்தக்குழாய் அடிபடுவது மருத்துவப் புத்தகங்களில் இருக்கிற சிக்கல்தான். திறமையான கைகளிலும் நடக்கிறது. சிக்கல் வந்ததற்காக மட்டும் யாரையும் குற்றவாளி ஆக்க முடியாது, ஆக்கவும் கூடாது. விளைவு மோசமாக முடிந்த ஒவ்வொரு சிகிச்சையும் அலட்சியம் என்றால் சிக்கலான நோயாளியை யாருமே தொட மாட்டார்கள்.

ஆனால் "வரலாம்" என்று அவருக்குத் தெரியும் அல்லவா? தெரிந்த சிக்கல் என்றால் அதன் அறிகுறியும் தெரிந்ததுதானே. வலியும் வீக்கமும் வந்தபோது தேடினாரா, ஸ்கேன் எப்போது எடுத்தார், தன்னால் முடியாது என்று தெரிந்ததும் பெரிய இடத்துக்கு அனுப்பினாரா என்பதில்தான் வழக்கு நிற்கும். அதே துறையில் நியாயமான திறமையுள்ள ஒரு டாக்டர் அந்தச் சூழ்நிலையில் என்ன செய்திருப்பார் என்பதே நீதிமன்றத்தின் அளவுகோல்.

அதற்கு இன்னொரு டாக்டரின் கருத்து வேண்டும். சம்பந்தப்பட்டவரோடு தொடர்பில்லாத, அதே துறை நிபுணரிடம் கட்டணம் கட்டிப் போங்கள். "தப்புதானே சார்?" என்று கேட்டால் நழுவிவிடுவார். பக்கத்தைக் காட்டி, "இந்த நேரத்தில், இந்த எண்களோடு, நீங்களாக இருந்தால் அடுத்து என்ன செய்திருப்பீர்கள்?" என்று கேளுங்கள். பதில் வரும். எழுத்தில் தருவாரா என்பது வேறு விஷயம். பலர் தர மாட்டார்கள். அதற்காக மனம் தளர வேண்டாம். ஒவ்வொரு வழக்கிலும் நிபுணர் சாட்சி கட்டாயமில்லை என்று 2010-ல் கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. காய்ச்சலோடு சேர்த்த மனைவிக்கு மலேரியாவுக்குப் பதில் டைபாய்டு சிகிச்சை கொடுத்தார்கள் என்பது அந்த வழக்கு. வழக்குப் போட்ட கணவரே மலேரியா துறையில் அலுவலர்! கீழே மாவட்ட அளவில் கிடைத்த 2 லட்சம் ரூபாய் இழப்பீட்டை மாநில, தேசிய ஆணையங்கள் மறுத்தன. உச்ச நீதிமன்றம்தான் திருப்பிக் கொடுத்தது.

கேள்வி: அண்ணன் போலீசுக்குப் போகலாம் என்கிறான். மாமா மருத்துவக் கவுன்சில் என்கிறார். தெரிந்த வக்கீல் கன்ஸ்யூமர் கோர்ட் என்கிறார். எது சரி?

பதில்: உங்களுக்கு என்ன வேண்டும் என்று முதலில் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். இந்த மூன்று வாசலும் ஒரே அறைக்குப் போகவில்லை.

இழப்பீடு வேண்டுமென்றால் நுகர்வோர் ஆணையம். 1995-ல் வி.பி. சாந்தா வழக்கின் தீர்ப்பிலிருந்து கட்டண மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வந்துவிட்டது. பணத்தை நீங்கள் கட்டாமல் இன்ஷூரன்ஸ் கம்பெனி கட்டியிருந்தாலும் நீங்கள் நுகர்வோர்தான். டாக்டர் இனி இப்படிச் செய்யக் கூடாது என்பது நோக்கமானால் மாநில மருத்துவக் கவுன்சில், நம் மாநிலத்தில் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். எச்சரிக்கலாம், பதிவேட்டிலிருந்து பெயரைக் கொஞ்ச காலத்துக்கோ நிரந்தரமாகவோ நீக்கலாம். காசு ஒரு பைசா வாங்கித் தராது. இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யத் தடையில்லை.

போலீஸ் கடைசி. 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில், குற்ற வழக்குக்குச் சாதாரண அலட்சியம் போதாது, மிகக் கடுமையான அலட்சியமாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்னொரு தகுதியுள்ள டாக்டரின் கருத்து இல்லாமல் மேலே போகக் கூடாது, வழக்குப் பதிந்ததாலேயே டாக்டரைக் கைது செய்துவிடவும் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், அலட்சியத்தால் மரணம் விளைவிப்பதற்கான 106-ஆம் பிரிவில் பதிவு பெற்ற மருத்துவருக்கு அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. அண்ணனுக்கு ஆத்திரம் இருப்பது நியாயம்தான். ஆனால் மருத்துவமனையில் போய்க் கண்ணாடியை உடைத்தால், மருத்துவமனைகளைத் தாக்குவதைத் தடுக்கும் தமிழ்நாட்டின் 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜாமீனில் வர முடியாத வழக்கு அவன்மேல்தான் பாயும். அப்புறம் உங்கள் புகாரை யார் பார்ப்பார்கள்?

போலீசுக்கு உடனே போக வேண்டிய இடம் ஒன்று உண்டு. இறப்பிலேயே சந்தேகம் இருந்தால், உடலை எடுப்பதற்கு முன்பே எழுத்தில் புகார் கொடுத்துப் பிரேதப் பரிசோதனை கேட்க வேண்டும். அந்த நேரத்தில் உறவினர்கள் "அறுத்துக் கூறு போட வேண்டுமா" என்பார்கள். கேட்கவே கஷ்டமாகத்தான் இருக்கும். தகனம் முடிந்த பிறகு அந்தச் சான்று எங்கேயும் கிடைக்காது.

கேள்வி: எனக்குச் சின்ன டெஸ்ட்டுக்காக மயக்க மருந்து கொடுத்தார்கள். விழித்தபோது கர்ப்பப்பையையே எடுத்திருந்தார்கள். வெளியே கணவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்களாம்.

பதில்: உங்கள் உடம்புக்கு உங்கள் கையெழுத்துதான். கிட்டத்தட்ட இதே கதை 2008-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது, சமீரா கோலி வழக்கு. லேப்ராஸ்கோப்பி பரிசோதனைக்குப் போனவருக்கு, அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். சுயநினைவோடு முடிவெடுக்கக் கூடிய நோயாளி மயக்கம் தெளியும் வரை காத்திருக்க முடியும் என்றால் காத்திருக்கத்தான் வேண்டும், உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் மட்டுமே விதிவிலக்கு என்றது தீர்ப்பு. கொடுத்த இழப்பீடு என்னவோ வெறும் 25,000 ரூபாய், டாக்டருக்குக் கட்டணமும் கிடையாது என்றது. தொகை எனக்குத் திருப்தியில்லை, சட்டம் திருப்தி. உங்கள் ஒப்புதல் படிவத்தின் நகலை வாங்கி, எந்த ஆபரேஷன் பெயர் எழுதியிருக்கிறது, எப்போது எழுதியது என்று பாருங்கள்.

கேள்வி: அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பார்த்தது. எங்களுக்கு வழியே இல்லையா?

பதில்: எல்லோருக்கும் இலவசம் என்ற இடத்தில் நுகர்வோர் ஆணையம் பொருந்தாது. சிலரிடம் கட்டணம் வாங்கிச் சிலருக்கு இலவசம் என்றால் பொருந்தும். இல்லாவிட்டால் சிவில் வழக்கு, அரசுக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் ரிட் மனு, மாநில மனித உரிமை ஆணையம். கடைசியானதில் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் புகார் போக வேண்டும். 1963-ல் அவுரங்காபாத் அரசு மருத்துவமனையில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனின்போது ஒரு பெண்ணின் வயிற்றில் துண்டை வைத்துத் தைத்துவிட்டார்கள், அவர் இறந்தார். அரசு பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1996-ல். முப்பத்து மூன்று வருஷம். வழி இருக்கிறது என்றும் சொல்கிறேன், நீளம் எவ்வளவு என்றும் சொல்லிவிடுகிறேன். பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், பதில் தர 30 நாள் கெடு. வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி தருகிறார்கள்.

கேள்வி: அப்பா இறந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இப்போதுதான் மனசு கொஞ்சம் தெளிந்து கேஸ் போட நினைக்கிறோம். லேட்டாகிவிட்டதா? செலவு எவ்வளவு ஆகும்?

பதில்: நுகர்வோர் சட்டத்தில் கெடு 2 ஆண்டு. இன்னும் ஆறு மாதம் இருக்கிறது, அதைக் கடிதப் போக்குவரத்திலேயே கரைத்துவிடாதீர்கள். கெடு தாண்டினால் தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டி அனுமதி கேட்கலாம், ஆனால் அது ஆணையத்தின் தயவு.

எந்த ஆணையம் என்பது நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல, மருத்துவமனைக்குக் கட்டிய தொகையை வைத்து. 50 லட்சம் வரை கட்டியிருந்தால் மாவட்ட ஆணையம். 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமே கிடையாது. மருத்துவமனை வேறு மாவட்டத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இணையத்திலும் போடலாம். சட்ட வாரிசுகள் எல்லோரும் மனுதாரராகச் சேர்ந்துவிடுங்கள். பின்னால் "அக்கா ஏன் வரவில்லை" என்று எதிர்த்தரப்பு ஒரு வாய்தா வாங்கும். அக்கா வெளிநாட்டில் இருந்தால் அவரிடமிருந்து அதிகாரப் பத்திரம் வாங்க இந்த வாரமே ஏற்பாடு செய்யுங்கள். அதற்குத்தான் எப்போதும் அதிக நாள் பிடிக்கும்.