வாவித் தண்ணீர் 'ஃபிரெஷ்' தண்ணீரா?

மட்டக்களப்பு வாவிக்கரையில், கல்லடியில் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை செய்யும் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார். வெளிநாட்டு விருந்தாளி வாவியைக் காட்டி, "இஸ் திஸ் ஃபிரெஷ் வாட்டர்?" என்றாராம். இவர் "யெஸ், வெரி ஃபிரெஷ்" என்றிருக்கிறார். அவர் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாராம். 'ஃபிரெஷ்' என்றால் புதியது, சுத்தமானது என்றுதானே படித்தோம், இதில் என்ன பிழை?

தங்கச்சி, அவர் கேட்டது சுத்தத்தை அல்ல, உப்பை. ஃபிரெஷ் வாட்டர் என்றால் நன்னீர். பாசி பிடித்து மாதக்கணக்கில் தேங்கிக் கிடந்தாலும் குளத்துத் தண்ணீர் ஃபிரெஷ் வாட்டர்தான். உன்னிச்சைக் குளம் அப்படி. நம் வாவிக்குப் பாலமீன்மடு முகத்துவாரத்தால் கடல் வருகிறது, மேற்கிலிருந்து ஆற்றுநீர் இறங்குகிறது. இரண்டும் கலந்த உவர்நீருக்கு 'பிராக்கிஷ்' என்று தனிச்சொல் இருக்கிறது. "நோ, இட்ஸ் பிராக்கிஷ்" என்றிருந்தால் போதும். மாரி வெள்ளத்தில் உப்புக் குறையும் என்றும் சேர்த்துச் சொல்லலாம், கேட்பவருக்கு அது சுவையான செய்தி.

பழைய ஆங்கிலத்தில் 'ஃபிரெஷ்' என்ற சொல்லுக்கு உப்பில்லாத தண்ணீர் என்பதுதான் பொருள். 'புதிய' என்பது பிறகு வந்து சேர்ந்தது. நாங்கள் பிறகு வந்ததை மட்டும் படித்துக்கொண்டோம்.

அடுத்த சிக்கல் மீனில் வரும், கவனமாக இருங்கள். ஆங்கிலத்தில் 'ஃபிரெஷ் ஃபிஷ்' என்றால் கருவாடு அல்ல, டின்மீன் அல்ல, உறையவைத்ததும் அல்ல என்று அர்த்தம். ஒரு இரவு ஐஸில் கிடந்த மீனையும், கெடாமல் இருந்தால், அப்படித்தான் விற்பார்கள். நாம் உடன்மீன் என்று சொல்வது வேறு. செவுளைத் தூக்கினால் இரத்தச் சிவப்பு, கண் புடைத்துத் தெளிவாக இருக்கும், விரலால் அமுக்கினால் குழி நிற்காது. அப்படியான கொடுவா சமையலறைக்கு வந்திருந்தால் 'ஃபிரெஷ்' என்று மட்டும் சொல்லி விடாதீர்கள். "காட் திஸ் மார்னிங்" என்று சொல்லுங்கள்.

ஆனால் விடுதிக்கு வாங்கிய புதுக் கட்டிலை ஃபிரெஷ் என்று சொல்ல வராது, அது 'நியூ'. மாற்றிப் போட்ட துவாய், இப்போது பிழிந்த தோடம்பழச் சாறு, இரண்டாவது தடவை பூசிய பெயின்ட், இவையெல்லாம் ஃபிரெஷ். அப்புறம், ஒருவர் எல்லை மீறிக் கதைத்தாலோ கைநீட்டினாலோ "டோன்ட் கெட் ஃபிரெஷ் வித் மீ" என்பார்கள். இது கொஞ்சம் பழைய பேச்சு. உங்களுக்கு அப்படி ஒரு நிலை வந்தால் நேராக "ஸ்டாப்" என்று சொல்லிவிட்டு முதலாளியிடம் போங்கள்.

விடுதியில் தோணிச் சவாரியும் ஒழுங்கு செய்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். வானிலை அறிக்கையில் 'ஃபிரெஷ் பிரீஸ்' என்று வந்தால் இதமான காற்று என்று நினைத்துவிட வேண்டாம். காற்றை அளக்கும் போஃபோர்ட் அளவில் அது 5ஆம் நிலை, மணிக்கு 29 முதல் 38 கிலோமீட்டர். கடலில் எங்கு பார்த்தாலும் வெள்ளை நுரை தெரியும் காற்று அது. அன்றைக்கு ஆட்களை ஏற்றுவதற்கு முன் தோணிக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.