அழாத கணவர், வலிக்கும் உடம்பு: மனச்சோர்வு பற்றி வாசகர் கேள்விகள்

கணவருக்கு 46 வயது. ஆறு மாதமாகத் தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறார், இப்போது தினமும் குடி. ஆனால் ஒருநாள்கூட அழுததில்லை. இது டிப்ரெஷனா? (வாசகி, ஈரோடு)

இருக்கலாம். அழுதால்தான் டிப்ரெஷன் என்று நினைப்பதால்தான் நிறைய ஆண்கள் கணக்கிலேயே வராமல் போகிறார்கள். அவர்களுக்கு அது எரிச்சலாக, குடியாக, கண்மண் தெரியாமல் வண்டி ஓட்டுவதாக, ராத்திரி பதினொன்று வரை கடையிலேயே கிடப்பதாக வெளிவரும். கோபப்படுகிறவர்கள் எல்லோருக்கும் நோய் என்று சொல்லவில்லை; முன்பு இப்படி இல்லாதவர், இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக எல்லா நாளும் இப்படியே இருக்கிறார், தூக்கமும் பசியும் கெட்டுவிட்டது, கிரிக்கெட்கூடப் பார்ப்பதில்லை என்றால் சந்தேகப்படுங்கள். மனநல டாக்டர் என்றால் வரமாட்டார், சரி, "தூக்கத்துக்குக் காட்டலாம்" என்று கூப்பிடுங்கள். குடியை இன்றே நிறுத்து என்று மல்லுக்கட்டாதீர்கள், தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பே வரலாம். "செத்தால் தேவலை" என்று ஒரு தடவை சொன்னாலும் விளையாட்டாக எடுக்காதீர்கள், வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அப்புறப்படுத்திவிட்டு 14416க்குப் பேசுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

உடம்பெல்லாம் வலி, எப்போதும் அசதி. எல்லா டெஸ்ட்டும் நார்மல். மனசுதான் காரணம் என்கிறார்கள், நான் நடிக்கிறேனா? (வாசகி, 38, மதுரை)

நடிப்பில்லை, வலி நிஜம்; டிப்ரெஷன் உடம்பு வலியாகவும் வெளிவரும். தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 மூன்றும் பார்த்தாகிவிட்டதா என்று முதலில் சரிபாருங்கள், அவை குறைந்தாலும் இதே அசதிதான். உங்களைப் போல வருகிறவர்கள் ரிப்போர்ட் ஃபைலைத் திறந்து ஒவ்வொரு தாளாகக் காட்டிக்கொண்டே போவார்கள்; "காலையில் கண் விழித்ததும் என்ன தோன்றும்?" என்று கேட்டால் ஃபைல் மூடிவிடும், அப்புறம்தான் பேச்சே ஆரம்பிக்கும். ஆண் கோபப்பட்டால் வீடே கவனிக்கிறது, பெண் வலியோடு சமைத்துப் போட்டுக்கொண்டே இருந்தால் யார் கவனிக்கிறார்கள்?

டிப்ரெஷன் பெண்களுக்குத்தான் அதிகமாமே, ஹார்மோனா? (வாசகர், திருச்சி)

ஏறக்குறைய இரண்டு மடங்கு, உண்மைதான். பூப்பெய்தும் வயதில்தான் இந்த இடைவெளி தொடங்குகிறது. ஹார்மோன் ஒரு காரணம். வீட்டு வன்முறை, ஓய்வில்லாத வேலை, கையில் காசில்லாதது எல்லாம் சேர்ந்துதான். ஆனால் 2022 தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில், தற்கொலையில் இறந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் ஆண்கள்.

மனைவிக்குப் பிரசவமாகி ஒன்றரை மாதம். அழுதுகொண்டே இருக்கிறாள், குழந்தையைத் தூக்கவே பயப்படுகிறாள். எல்லோருக்கும் வருவதுதான் என்கிறார் அம்மா. (வாசகர், சேலம்)

அம்மா சொல்வது முதல் சில நாட்களின் அழுகை, அது பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். இது அதைத் தாண்டிவிட்டது, இந்த வாரமே காட்டுங்கள். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன. காதில் குரல் கேட்கிறது, குழந்தையை ஏதாவது செய்துவிடுவேன் என்றெல்லாம் சொன்னால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், தனியாக விடாதீர்கள். பிரசவத்துக்குப் பின் வரும் டிப்ரெஷன் தகப்பனுக்கும் வரும், உங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிப்ரெஷன் மாத்திரை தொடங்கியதிலிருந்து தாம்பத்தியத்தில் நாட்டமே இல்லை. நிறுத்திவிடவா? (வாசகர், கோவை)

நீங்களாக நிறுத்தாதீர்கள், தலைசுற்றல் வரலாம், நோயும் திரும்பலாம். இது தெரிந்த பக்கவிளைவுதான், பெண்களுக்கும் வரும், அவர்கள் சொல்வதே இல்லை. அளவைக் குறைக்கலாம், மாத்திரையை மாற்றலாம். அடுத்த முறை போகும்போது, கிளம்பிக் கதவருகே போய்த் திரும்பி நின்று சொல்லாமல், உட்கார்ந்ததும் முதலில் இதைச் சொல்லுங்கள்.