மறு: வெள்ளம் புகும் லேத் பட்டறை – முதலில் சோலாரா, பாதுகாப்பா?

வணக்கம். கையிலுள்ள பணத்தில், மின்கட்டணத்தைக் குறைக்க முதலில் சோலார் போடுவதா, வெள்ளத்திலிருந்து பட்டறையைப் பாதுகாப்பதா என்று கேட்டிருந்தீர்கள். 2015-இலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் உங்கள் அம்பத்தூர் லேத் (உலோகம் கடையும் இயந்திரம்) பட்டறைக்குள் வெள்ளம் புகுந்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஆகவே, அந்தப் பணத்தைச் சோலாரில் போடுவதற்கு முன், மின்பலகையையும் கம்ப்ரசரையும் (காற்றை அழுத்தித் தரும் இயந்திரம்) சுவரில் பதிந்திருக்கும் நீர்க்கறைக்கு மேலே ஏற்றிவிடுவதே சரியென்பது என் கருத்து. லேத்தின் அடியிலிருக்கும் மோட்டாரை அவ்வாறு உயர்த்த இயலாதாகையால், புயல் எச்சரிக்கை வந்தவுடன் கழற்றித் தூக்குவதற்குச் சங்கிலிக் கப்பி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். தீக் காப்பீட்டுப் பத்திரத்தையும் (நம்மில் பலர் இழப்புக்குப் பின்புதான் அதைப் படிக்கிறோம்) பாருங்கள். அதில் புயல், வெள்ளப் பிரிவு இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மின்கட்டணத்தைக் குறைக்க வேறொரு வழியும் உண்டு: விடுமுறை நாளில் மற்ற இயந்திரங்களை நிறுத்திவிட்டுக் கம்ப்ரசரை மட்டும் ஓடவிடுங்கள். அது மீண்டும் மீண்டும் காற்றேற்றினால், குழாயில் எங்கோ கசிவு இருக்கிறது; அதை அடைத்தால் வீணாகும் மின்சாரம் மிச்சமாகும்.