ஃபில்டரைக் கழுவினேன், தண்ணீர் பாலாகிவிட்டது: தங்கமீன் தொட்டிக்கு எந்த மீடியா?

கேள்வி: 3 அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டியில் ஆறு தங்கமீன் வளர்க்கிறேன். டாப் ஃபில்டர் (தொட்டியின் மேல் வைக்கும் வடிகட்டிப் பெட்டி) ஓடுகிறது. போன ஞாயிறு பஞ்சு, செராமிக் ரிங், பயோ பால் (பிளாஸ்டிக் உருண்டைகள்) எல்லாவற்றையும் குழாயடியில் பளிச்சென்று கழுவிப் போட்டேன். மூன்றாம் நாள் தண்ணீர் பால்போல் கலங்கி, மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன. கடையில் கார்பன் பாக்கெட் இரண்டு போடச் சொல்கிறார்கள். ஃபில்டருக்குள் போட எந்த மீடியா (வடிபொருள்) வாங்கலாம் ஐயா?

பதில்: கார்பன் இதற்கு உதவாது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் மீடியாவின் மேல்தான் ஒட்டி வாழ்கின்றன. குழாய் நீரின் குளோரின் அவற்றைக் கொன்றுவிட்டது. அம்மோனியா தேங்கி மீன் திணறுவது அதனால்தான்.

முதலில் மீனைக் காப்பாற்றுங்கள். இரண்டு நாள் தீவனம் வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை இறக்கி, முந்தின நாளே பிடித்து ஏர் கல் (காற்றுக் குமிழி விடும் கல்) ஓடவிட்டு வைத்த நீரை ஊற்றுங்கள். அவசரமென்றால் ஆன்டி குளோரின் சொட்டு மருந்து கலக்கலாம். தண்ணீர் தெளியும்வரை தினமும் இதையே செய்யுங்கள். லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பு (உங்கள் தொட்டி ஏறக்குறைய 140 லிட்டர், ஆக 140 கிராம்) கரைத்துவிட்டால் நைட்ரைட் மீனின் ரத்தத்தில் ஏறுவது குறையும். தண்ணீர் மாற்றும்போது வெளியே போன அளவுக்கு மட்டும் உப்பைச் சேர்த்தால் போதும். ஃபில்டருக்குள் ஜியோலைட் (அம்மோனியாவைப் பிடித்து வைக்கும் கல்) இருந்தால் உப்புக்கு முன் எடுத்துவிட வேண்டும். பிடித்து வைத்த அம்மோனியாவை உப்பு நீரில் அது திரும்பக் கக்கிவிடும்.

இனி மீடியா. உங்கள் காசு ஸ்பாஞ்சுக்குப் போகட்டும். அங்குலத்துக்கு 20 துளை உள்ள முரட்டு ரகம் ஒன்று, 30 துளை ரகம் ஒன்று. அழுக்கைத் தடுப்பதும் பாக்டீரியாவுக்கு இடம் தருவதும் ஸ்பாஞ்ச் ஒன்றே செய்யும். டாப் ஃபில்டரில் தண்ணீர் மேலிருந்து இறங்குவதால் மேலே முரட்டு ஸ்பாஞ்ச், நடுவே 30 துளை ஸ்பாஞ்ச், அடியில் ரிங். பலர் ரிங்கை மேலே கொட்டிவிடுகிறார்கள். அதன் நுண்துளைகளைக் கசடு அடைத்துவிட்டால் அது வெறும் கல்தான். ரிங் ஒரு கிலோ போதும். விலை கூடுதலென்றால் எரிமலைக் கல் வாங்கலாம், அல்லது கூரைக்குப் போடும் நாட்டு ஓடுகளை நெல்லிக்காய் அளவுக்கு உடைத்து, செந்நிறம் நிற்கும்வரை அலசிப் போடலாம்.

பயோ பால் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வழியும் பெரிய ஃபில்டருக்காக வந்தது. சின்னப் பெட்டியில் மூழ்கிக் கிடந்தால் இடத்தை அடைக்கும், பரப்பு குறைவு. எடுத்துவிட்டு அந்த இடத்தில் ரிங்கை நிரப்புங்கள்.

கார்பன் மருந்து, சாயம், நாற்றம் ஆகியவற்றை நீக்கும், அம்மோனியாவைத் தொடாது. மூன்று நான்கு வாரத்தில் அதன் துளைகள் நிரம்பிவிடும். மருந்து போட்டு முடித்த பிறகு ஒரு வாரம் வைத்து எடுத்தால் போதும். மருந்து ஓடும்போது உள்ளே இருந்தால் மருந்தையே உறிஞ்சிவிடும்.

அழகுக்காகப் பவளத்துண்டு, கிளிஞ்சல் எதையும் ஃபில்டரில் போடாதீர்கள். உங்கள் ஊர்த் தண்ணீர் ஏற்கெனவே கடினமென்றால் பி.எச். (நீரின் அமில, காரத் தன்மையின் அளவு) இன்னும் ஏறலாம். பி.எச். 7-இலிருந்து 8 ஆனால் நச்சு வடிவ அம்மோனியா ஏறக்குறைய பத்து மடங்காகும்.

மோட்டார் மணிக்கு 700 முதல் 800 லிட்டர் தள்ள வேண்டும். மோட்டார் வரும் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பது உயரமே ஏற்றாத கணக்கு, ஆகவே 1000 லிட்டர் என்று போட்டதை வாங்குங்கள்.

கழுவும் முறைதான் முக்கியம். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை வாளியில் வைத்து அதிலேயே ஸ்பாஞ்சைப் பிழியுங்கள். ஒரு நாள் ஒரு ஸ்பாஞ்ச் மட்டும். ரிங்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே தண்ணீரில் லேசாக முக்கி எடுத்தால் போதும்; தேய்க்கக் கூடாது. ஸ்பாஞ்ச் தளர்ந்து மாற்ற நேர்ந்தால் ஒன்றை மாற்றி, ஒரு மாதம் கழித்து மற்றது. பிழிந்த கசட்டு நீர் செடிக்கு நல்ல உரம், உப்பு போட்டிருக்கும் காலத்தில் மட்டும் ஊற்றாதீர்கள்.

புது மீடியாவில் பாக்டீரியா நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நோயில்லாத தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் அழுக்கேறிய ஸ்பாஞ்ச் துண்டு ஒன்று வாங்கி ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் பெட்டியில் வைத்தால் காலம் வெகுவாகக் குறையும். அதுவரை ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு நிமிடத்தில் மீன் தின்று தீர்க்கும் அளவே தீவனம். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழி காட்டிய பிறகு பழைய அளவுக்கு வரலாம். ஆனாலும் வளர்ந்த தங்கமீன் ஆறு இந்தத் தொட்டிக்கு அதிகம். இரண்டு மூன்றை வேறு தொட்டிக்கு மாற்றப் பாருங்கள்.